சோக் போய் சிப் வந்த கதை: ஒலேக் லோசெவ்

பழைய மீன் தொட்டியின் மூடியைக் கழட்டிப் பார்த்திருக்கீங்களா? உள்ளே ரெண்டடி டியூப் லைட், கனமான ஒரு சோக், ஓரமாக ஒரு ஸ்டார்ட்டர், ஈரத்தில் பச்சை பூத்துப்போன பின்கள். இப்போதெல்லாம் நிறையப் பேர் இதையெல்லாம் கழட்டிப் போட்டுவிட்டு, அதே மூடிக்குள் ஒரு அலுமினியம் சேனல் வைத்து எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். கரண்ட் செலவு குறையும், செடி நல்லா வளரும், மீனும் பளிச்சென்று தெரியும்.

அந்த ஸ்ட்ரிப்பில் வரிசையாக இருக்கும் குட்டி மஞ்சள் சதுரம் ஒவ்வொன்றுக்குள்ளும் டயோடு இருக்கிறது. கரண்ட் போனால் டயோடு ஏன் வெளிச்சம் தருகிறது என்று முதன்முதலில் விடாமல் கேட்டு, வருடக்கணக்கில் அளந்து எழுதி வைத்தவர் ஒருத்தர் இருந்தார். ஒலேக் விளாதிமீரவிச் லோசெவ். ரஷ்யாக்காரர். ரேடியோ வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள். நம்ம சிலபஸில் மட்டும் இந்தப் பெயர் வராது.

இவர் எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் படித்து முடிக்கவில்லை. இவர் செய்த முதல் பெரிய காரியமும் ஒரு அப்கிரேடுதான்: எல்லோரும் பழசு என்று ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு பொருளைக் கையில் எடுத்து, ஒரு பேட்டரியைச் சேர்த்து, அதற்குப் புது வேலை கொடுத்தார். எல்இடி கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ட்வேர் ஊர்ப் பையன்

லோசெவ் பிறந்தது 1903 மே மாதம், மாஸ்கோவுக்கு வடமேற்கே இருக்கும் ட்வேர் நகரத்தில். அப்பா ஜார் மன்னரின் படையில் அதிகாரியாக இருந்தவர். 1917 புரட்சிக்கு அப்புறம் அப்படிப்பட்ட குடும்பப் பின்னணி யாருக்கும் கதவு திறந்துவிடவில்லை. லோசெவுக்கும் அது கடைசிவரை இடைஞ்சலாகவே இருந்தது.

ஆனால் ஊரில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் ட்வேரில் ராணுவத்துக்காக ஒரு ரேடியோ நிலையம் அமைத்திருந்தார்கள். அங்கே இருந்த பொறியாளர்களில் ஒருவர் மிகயில் போஞ்ச்-புரூயேவிச். ரஷ்யாவில் வால்வு தயாரிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருத்தர். பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த லோசெவ் ரேடியோ பற்றிய ஒரு பொதுச் சொற்பொழிவைக் கேட்கப் போனார். அதோடு சரி, ரேடியோ பைத்தியம் பிடித்துவிட்டது. அந்த நிலையத்துக்கே அடிக்கடி போய் நிற்க ஆரம்பித்தார்.

1918-ல் போஞ்ச்-புரூயேவிச்சும் கூட்டாளிகளும் நிழ்னி நொவ்கரத் நகரத்துக்குப் போய் ஒரு ரேடியோ ஆய்வகம் தொடங்கினார்கள். பள்ளி முடித்த லோசெவ் மாஸ்கோவில் மேற்படிப்பு படிக்க நினைத்தார். அது நிலைக்கவில்லை. 1920-ல் நிழ்னி நொவ்கரத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கடிதமும் சாமானும் கொண்டுபோய்க் கொடுக்கும் எடுபிடி வேலை. தங்க இடம் இல்லாததால் ஆய்வகக் கட்டடத்திலேயே, மாடிப்படி முடியும் இடத்தில், பரணுக்குப் போகும் வாசல் பக்கம் படுத்துக்கொண்டார். பகலில் எடுபிடி, ராத்திரியில் லேப். வயசு 17.

பழைய டிடெக்டருக்கு ஒரு பேட்டரி

அந்தக் காலத்து ரேடியோவைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் அடுத்தது பிடிபடும். சாதாரண ஜனங்களிடம் இருந்தது கிரிஸ்டல் டிடெக்டர் ரேடியோ. ஒரு தாதுக்கல், அதன் மேல் லேசாகத் தொட்டு நிற்கும் ஒரு ஊசிமுனைக் கம்பி, அவ்வளவுதான். கல்லும் கம்பியும் தொடும் இடம் கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும். நம்ம டயோடு செய்கிற அதே வேலை. பேட்டரி வேண்டாம், ஆனால் சத்தத்தைக் கூட்டவும் முடியாது. ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்க வேண்டியதுதான்.

வால்வு வந்ததும் சிக்னலைப் பெருக்க வழி பிறந்தது. ஆனால் வால்வு விலை அதிகம். அதன் இழையைச் சூடாக்கவே தனியாக பேட்டரி வேண்டும். உள்நாட்டுப் போரில் நொந்துபோயிருந்த ரஷ்யாவில் ஒரு அமெச்சூர் இதற்கு எங்கே போவான்? பெரிய ஆட்கள் எல்லோரும் வால்வை மேம்படுத்துவதில் இறங்கிவிட்டார்கள். கிரிஸ்டல் பழைய காலத்துச் சங்கதி ஆகிவிட்டது.

லோசெவ் அந்தக் கல்லைத்தான் எடுத்தார். சின்சைட் என்ற துத்தநாக ஆக்சைடு தாது. அதன் மேல் ஊசியை வைத்து, சின்ன பேட்டரி ஒன்றிலிருந்து டிசி வோல்ட்டேஜ் கொடுத்து, வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கரண்டை அளந்து, புள்ளி புள்ளியாக வி-ஐ வளைவு வரைந்தார். நாம் முதல் வருஷ லேபில் செய்கிற அதே வேலைதான். சில இடங்களில் வளைவு விசித்திரமாக இருந்தது. வோல்ட்டேஜ் ஏற ஏற கரண்ட் இறங்கியது. இதைத்தான் நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ் என்கிறோம். இப்படி ஒரு பகுதி கிடைத்தால் அதை வைத்து சிக்னலைப் பெருக்கலாம், ஆஸிலேட்டரே செய்துவிடலாம்.

1922 ஜனவரியில் அவர் அதைச் செய்தும் காட்டினார். அப்போது அவருக்கு 19 வயதுகூட ஆகவில்லை. வால்வே இல்லாமல், ஒரு கல்லும் ஒரு ஊசியும் சில செல்களும் மட்டும் வைத்து, பெருக்கவும் அலைகளை உண்டாக்கவும் முடிகிற ரேடியோ! டிரான்சிஸ்டர் வருவதற்கு 25 வருஷம் முன்னாடி! வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதற்கு கிரிஸ்டடைன் என்று பெயர் வைத்துக் கொண்டாடின. 1924-ல் அமெரிக்காவின் ரேடியோ நியூஸ் இதழ் இதைப் பெரிய பரபரப்புச் செய்தியாகவே வெளியிட்டது.

ஆனால் கிரிஸ்டடைன் சந்தையில் ஜெயிக்கவில்லை. ஊசி கொஞ்சம் நகர்ந்தாலும் வேலை செய்யாது. ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்காது. வால்வு மலிவாகிக்கொண்டே வந்தது. சில வருஷங்களில் உலகம் இதை மறந்துவிட்டது. லோசெவ் கையில் மிஞ்சியது இரண்டு: கற்களைப் பொறுமையாக அளக்கும் பழக்கம், அப்புறம் ஒரு மைக்ராஸ்கோப்.

ஊசி முனையில் வெளிச்சம்

எந்தப் புள்ளியில் ஊசி வைத்தால் கல் நன்றாக வேலை செய்கிறது என்று தேட மைக்ராஸ்கோப் வேண்டியிருந்தது. 1923-ல் கார்போரண்டம் கல்லை, அதாவது சிலிக்கான் கார்பைடை, இப்படிச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஊசி தொடும் இடத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. உப்புத்தாளில் ஒட்டியிருக்கிறதே, அதே பொருள்தான் இந்தக் கார்போரண்டம்.

நியாயமாகச் சொன்னால் இதை முதலில் பார்த்தவர் லோசெவ் இல்லை. 1907-லேயே மார்க்கோனி கம்பெனியில் வேலை செய்த ஹென்றி ரவுண்ட் இதே கல்லில் இதே மாதிரி வெளிச்சத்தைப் பார்த்து, ஒரு பத்திரிகைக்குச் சின்னக் குறிப்பு எழுதி அனுப்பினார். அப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கையில் இருக்கும் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் பார்த்தால் நாமும் அப்படித்தான் செய்வோம்.

லோசெவ் அதை விடவில்லை. அடுத்து வந்த பல வருஷங்கள் அந்தச் சின்ன வெளிச்சத்தின் பின்னாலேயே போனார். 1927-ல் ரஷ்ய ரேடியோ இதழில் விரிவான கட்டுரை. 1928-ல் இங்கிலாந்தின் பிலசாபிக்கல் மேகசினில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை. இடையில் ஒரு பேட்டன்ட் விண்ணப்பம்.

சூடா, சூடில்லையா?

கரண்ட் போகும் இடத்தில் வெளிச்சம் வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, சூட்டில் சிவந்து எரிகிறது என்பதுதான். குண்டு பல்பு அப்படித்தானே? இதைச் சோதிக்க லோசெவ் ஒரு வழி கண்டுபிடித்தார். எரிந்துகொண்டிருக்கும் புள்ளியின் மேல் ஒரு சொட்டு பென்சின் விட்டார். சீக்கிரம் ஆவியாகிற திரவம் அது. அந்த இடம் தகதகவென்று சூடாக இருந்தால் சொட்டு விட்ட கணத்திலேயே காணாமல் போயிருக்க வேண்டும். அது நிதானமாகத்தான் ஆவியானது. ஆக, இது சூட்டால் வரும் வெளிச்சம் இல்லை. எலக்ட்ரான்கள் வேறு ஏதோ வழியில் நேரடியாக வெளிச்சமாக்குகின்றன.

இங்கே மீன் தொட்டிக்கு ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போவோம். எல்இடி குளிர்ந்த விளக்கு என்று கேள்விப்பட்டு, ஸ்ட்ரிப்பை நேராக பிளாஸ்டிக் மூடியில் ஒட்டிவிடுபவர்கள் உண்டு. வெளிச்சம் சூட்டால் வரவில்லை என்பது சரி. ஆனால் கொடுக்கிற கரண்ட் முழுவதும் வெளிச்சமாக மாறுவதில்லை. மிச்சம் சூடாகி சிப்பின் பின்பக்கமாக இறங்குகிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அலுமினியம் சேனல் இல்லையென்றால் சிப் சீக்கிரம் மங்கிவிடும். லோசெவ் சோதித்தது மெல்லிய ஒரு புள்ளியை. நாம் ஒட்டுவது நூற்றுக்கணக்கான புள்ளிகளை.

அடுத்து அவர் கவனித்தது திசையை. வோல்ட்டேஜை ஒரு பக்கமாகக் கொடுத்தால் ஒரு வகை வெளிச்சம், திருப்பிக் கொடுத்தால் வேறு வகை. இரண்டும் தனித்தனி நிகழ்வு என்று பிரித்து எழுதினார். ஒன்று ரிவர்ஸ் பிரேக்டவுனில் வருவது. இன்னொன்று ஃபார்வர்டு திசையில் வருவது. நம் இன்றைய எல்இடிகள் எல்லாம் இந்த இரண்டாவது வகை. ஸ்ட்ரிப்பில் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் எரியாது என்பது நமக்கெல்லாம் அனுபவம்தானே?

அதற்கும் அடுத்தது வேகம். இந்த வெளிச்சத்தைச் சட்டென்று அணைக்கலாம், சட்டென்று எரிய வைக்கலாம், சூடான இழை போல ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டாம் என்று சுழலும் கண்ணாடி வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இதை வைத்து வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று தோன்றியது. 1927-ல் அவர் விண்ணப்பித்த ஒளி ரிலே பேட்டன்ட் அதற்காகத்தான். ஃபைபரில் ஓடும் இன்டர்நெட்டையும், நம் தொட்டி லைட்டை மங்கலாக்கும் பிடபிள்யூஎம் டிம்மரையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் நம்பியிருப்பது இந்த வேகத்தைத்தான்.

ஐன்ஸ்டீனைத் திருப்பிப் போட்டவர்

எல்லாம் அளந்தாச்சு. ஏன் எரிகிறது? அந்தக் காலத்தில் குவாண்டம் இயற்பியலே தவழ்ந்துகொண்டிருந்தது. பிஎன் ஜங்ஷன் என்ற சொல்கூடப் பிறக்கவில்லை. ஒளி விழுந்தால் எலக்ட்ரான் வெளிவரும் என்ற ஒளிமின் விளைவை ஐன்ஸ்டீன் விளக்கியிருந்தார். லோசெவ் அதைத் திருப்பிப் போட்டார். எலக்ட்ரான் சக்தியை இழக்கும்போது ஒளி வருகிறது, கொடுத்த வோல்ட்டேஜுக்கும் வரும் ஒளியின் அதிகபட்ச அதிர்வெண்ணுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று எழுதினார். காலேஜில் முறையாகப் படிக்காத ஒரு டெக்னீஷியன், 1920-களின் கடைசியில், சரியான திசையில் கை நீட்டியிருக்கிறார்!

நீல எல்இடிக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் பக்கம் போதும் என்று நாம் டேட்டாஷீட்டில் பார்க்கிறோமே, அதன் வேர் இந்தத் தொடர்பில்தான் இருக்கிறது. ஸ்ட்ரிப்பை ஏன் 3 எல்இடிக்கு ஒருமுறைதான் வெட்ட முடிகிறது என்று யோசித்திருந்தால் அதற்கும் விடை இதுவே. ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட், மூன்றுக்கு 9 வோல்ட், 12 வோல்ட்டில் மிச்சமுள்ள 3 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்குகிறது.

லெனின்கிராட்

1928-ல் நிழ்னி நொவ்கரத் ஆய்வகத்தின் வேலைகள் லெனின்கிராடுக்கு மாற்றப்பட்டன. லோசெவும் அங்கே மத்திய ரேடியோ ஆய்வகத்துக்குப் போனார். ஆராய்ச்சி தொடர்ந்தது. ஆனால் தனக்கென்று குழு இல்லை, பட்டம் இல்லை, பெரிய பதவியும் இல்லை. கட்டுரைகளில் பெரும்பாலும் அவர் பெயர் மட்டுமே இருக்கும். 1937-ல் ஆய்வகத்தையும் விட்டு வெளியேற வேண்டியதாகி, ஒரு மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனார்.

1938-ல் ஒரு நல்லது நடந்தது. அப்ராம் ஐயோஃபே போன்ற பெரிய இயற்பியலாளர்கள் அவர் வேலையை மதித்தார்கள். தனியாக ஆய்வேடு எழுதாமலே, அதுவரை வெளியிட்ட கட்டுரைகளை வைத்தே அவருக்கு முனைவருக்கு இணையான பட்டம் தரப்பட்டது. அவர் வாழ்க்கையில் வாங்கிய பட்டம் அது ஒன்றுதான். அப்போது வயது 35.

1941 செப்டம்பரில் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்தது. முற்றுகை 872 நாள் நீடித்தது. முதல் குளிர்காலம்தான் கொடூரம். நவம்பர் கடைசியில் தொழிலாளர் அல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவு பாதிதான். தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, கணப்பு இல்லை. லோசெவ் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. போர்க்காலத்துக்கு உதவும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தார். காயத்துக்குள் சிக்கிய உலோகத் துண்டைக் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவி அதில் ஒன்று.

1942 ஜனவரி 22 அன்று, தான் பாடம் நடத்திய அதே கல்லூரியின் மருத்துவமனையில், பட்டினியால் இறந்தார். வயது 38.

அப்புறம் என்ன ஆச்சு?

1951-ல் அமெரிக்காவில் குர்ட் லெஹோவெக்கும் கூட்டாளிகளும் கார்போரண்டம் ஏன் ஒளிர்கிறது என்று பிஎன் ஜங்ஷனை வைத்து விளக்கினார்கள். 1962-ல் நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்தார். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்இடி வந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு. நீல சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் வெள்ளை வெளிச்சம். ஸ்ட்ரிப்பில் தெரியும் மஞ்சள் சதுரம் அந்தப் பூச்சுதான்.

கார்போரண்டம் கடைசிவரை நல்ல விளக்கு ஆகவில்லை. கொடுக்கிற கரண்டில் மிக மிகக் கொஞ்சமே வெளிச்சமாகிறது. லோசெவ் இன்னும் 20 வருஷம் இருந்திருந்தாலும் அந்தக் கல்லை வைத்து ஒரு மீன் தொட்டியை எரிய விட்டிருக்க முடியாது. ஆனால் பின்னால் வந்தவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம், சூடா இல்லையா, எந்தத் திசையில், எவ்வளவு வேகம், எந்த வோல்ட்டேஜுக்கு எந்த நிறம், அவர் நோட்டில் ஏற்கெனவே இருந்தன.

உங்கள் தொட்டிக்கு

இந்த இதழைப் படித்துவிட்டு யாராவது மூடியைக் கழட்டினால், நாலு விஷயம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சோக், ஸ்டார்ட்டர், 230 வோல்ட் ஒயர் எல்லாவற்றையும் மூடிக்குள்ளிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ஈரத்துக்குள் 12 வோல்ட் மட்டும் போகட்டும். அடாப்டர் தொட்டிக்கு வெளியே இருக்க வேண்டும், ஒயர் பிளக்குக்குப் போவதற்கு முன் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியே வடியும் தண்ணீர் பிளக்கைத் தொடாது. ரெண்டாவது, தண்ணீர் புகாத ஸ்ட்ரிப், அடியில் அலுமினியம் சேனல்.

மூன்றாவது, கணக்கு. மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் என்றால் ரெண்டடிக்கு, அதாவது 60 சென்டிமீட்டருக்கு, சுமார் 8.6 வாட். 12 வோல்ட்டில் 0.72 ஆம்பியர். 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம். நாலாவது, முதல் நாளே 12 மணி நேரம் எரிய விடாதீர்கள். புது வெளிச்சத்துக்குச் செடியைவிடப் பாசி முந்திக்கொள்ளும். டைமர் வைத்து 6 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு வாரம் பார்த்துவிட்டு மெல்லக் கூட்டுங்கள்.

முடித்ததும் ஸ்ட்ரிப் இழுக்கும் கரண்டை மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளங்கள். கணக்குக்கு ஒத்துவராத எண் ஏதாவது வந்தால், மீட்டர் சரியில்லை என்று மூடி வைத்துவிடாமல் இன்னொரு தடவை பாருங்கள். மாடிப்படியில் படுத்துக் கிடந்த அந்தப் பையன் அதைத்தான் செய்தான்.